இனம் தெரியாத புழுவா? வளர்த்துப் பாருங்கள்!

"செடியில் பச்சைப் புழு விழுந்திருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

உரக் கடைகளிலும் வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், "எந்தப் பச்சைப் புழு?" என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவும் பச்சை. முட்டைக்கோசு இலையைச் சல்லடையாக்கும் புழுவும் பச்சை. பாகல், புடல் இலைகளை மடித்து உள்ளிருந்து தின்னும் புழுவும் பச்சை. தண்டுக்கீரை இலையை நூலால் பின்னிச் சுரண்டும் புழுவும், கருவேப்பிலைக் கொழுந்தைக் காலி செய்யும் புழுவும் பச்சைதான். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இனம். ஒன்றைக் கையால் பொறுக்கினால் போதும். மற்றொன்றுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். இன்னொன்றை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் நடப்பது என்ன? கடையில் கைக்கு வந்த மருந்தை வாங்கி வந்து அடித்துவிடுகிறார்கள். புழு சாகவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொரு மருந்து. இரண்டு நாளில் சமையலுக்குப் பறிக்க வேண்டிய கீரைப் பாத்தியிலும் இதே கதைதான். மருந்துச் செலவும் ஆள் கூலியும் போக, அந்த நஞ்சில் ஒரு பங்கு வீட்டு அடுப்பங்கரைக்கே வந்து சேருகிறது. ஒரு காலத்தில் எந்தப் புழுவானாலும் பி.எச்.சி. தூளைத் தூவிவிட்டு வருவது கிராமங்களில் வழக்கமாக இருந்தது. அந்தத் தூள் 1997-ம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. தூள் போய்விட்டது; இனம் பாராமல் அடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்று வந்துள்ள மருந்துகளிலும் முறைகளிலும் பல, குறிப்பிட்ட பூச்சிக்கு மட்டுமே பலன் தருபவை. பச்சைக் காய்ப்புழுவுக்கான என்.பி.வி. என்னும் வைரஸ் கரைசலைப் புகையிலை வெட்டுப்புழுவின் மேல் அடித்தால் ஒன்றும் ஆகாது. அதற்குரிய வைரஸ் வேறு. ஒன்றின் இனக்கவர்ச்சிப் பொறியில் மற்றொன்றின் ஆண் பூச்சி விழாது. பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்து, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்கள் தின்றால் கொல்லும். முள்ளங்கியில் வரும் ரம்ப ஈப் புழுவுக்கு அதை அடிப்பது வீண் செலவு. ஆகவே, இனம் தெரியாமல் மருந்து வாங்குவது, நோய் தெரியாமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம்.

வளர்த்தால்தான் தெரியுமா?

புழுவைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிட முடியாதா என்று கேட்கலாம். சில புழுக்களைச் சொல்லலாம். பலவற்றைச் சொல்ல முடியாது. புழு என்பது ஒரு பூச்சியின் பிள்ளைப் பருவம். பிறந்த குழந்தைக்கும் பெரியவனுக்கும் உள்ள வேற்றுமையைவிட இங்கே வேற்றுமை அதிகம். அதிலும் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் புழுவின் நிறமும் கோடுகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

கருவேப்பிலைச் செடியையே எடுத்துக்கொள்வோம். கொழுந்தில் உருண்டையான முட்டை ஒவ்வொன்றாக இருக்கும். அதிலிருந்து வரும் சிறு புழு பழுப்பும் வெள்ளையும் கலந்து, காக்கையோ குருவியோ இட்ட எச்சத்தைப் போலவே இலையின் மேல் கிடக்கும். பறவைகளிடமிருந்து தப்பிக்க இப்படி ஒரு வேஷம். கடைசித் தோலை உரித்ததும் அதே புழு கொழுகொழுவென்று பச்சையாக, குறுக்கே பட்டையுடன் மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகப் பிரிந்த சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி ஒருவித வாடையைக் கிளப்பும். முதல் வாரம் பார்த்தவர் "எச்சம் போல ஒரு புழு" என்பார். அடுத்த வாரம் பார்த்தவர் "பச்சையாகக் கொம்பு நீட்டும் புழு" என்பார். இரண்டும் ஒன்று என்பது, ஒரு புழுவைத் தொடர்ந்து வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. தக்காளி, துவரை, பருத்தி ஆகியவற்றில் வரும் காய்ப்புழு, ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்தாலும் பச்சை, பழுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில் இருக்கும். நான்கு வகைப் புழு விழுந்துவிட்டதாக எண்ணி நான்கு மருந்து வாங்க வேண்டியதில்லை. வளர்த்தால் நான்கிலிருந்தும் ஒரே அந்துப்பூச்சிதான் வரும்.

கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது இப்போது எளிதாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் படத்தில் தெரிவது அன்றைய தோலின் நிறம் மட்டுமே. வளர்ந்த பூச்சியின் இறக்கையில் உள்ள குறிகளோ பெரும்பாலும் மாறாதவை. நூல்களிலும் அவைதான் விரிவாக எழுதப்பட்டுள்ளன.

இது புதிய வழியும் அல்ல. சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் புழு தானாகப் பிறக்கிறது என்று ஐரோப்பாவில் பலரும் நம்பிய நாளில், மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி புழுக்களை வீட்டில் வளர்த்து, எந்தப் புழு எந்தப் பூச்சியாகிறது, எதைத் தின்கிறது என்று வரைந்து, 1679-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நம் பக்கத்துப் பூச்சிகளைப் பற்றி, சென்னை மாகாணத்தின் பூச்சியியல் அதிகாரியாக இருந்த பிளெச்சர் 1914-ம் ஆண்டில் ஒரு பெரிய நூலை எழுதினார். பின்னர் அதே துறையில் இருந்த டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-ல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். ஒரு பூச்சி முட்டையாக எத்தனை நாள், புழுவாக எத்தனை நாள், எங்கே கூட்டுப்புழுவாகிறது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அதைக் கூண்டில் வைத்து நாள் எண்ணியிருக்கிறார் என்று பொருள்.

முதலில் காலை எண்ணுங்கள்

புழுவைப் பாட்டிலில் போடுமுன் அதன் கால்களை எண்ணிப் பார்ப்பது நலம். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால்களும், வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான கால்கள் அதிகபட்சம் ஐந்து ஜோடியும் இருக்கும். ஆமணக்கில் வரும் காவடிப் புழுவுக்கு இவை குறைவாகவோ சிறுத்தோ இருப்பதால்தான் முதுகை வளைத்து வளைத்து நடக்கிறது. முள்ளங்கி, கடுகு இலைகளில் கரும்பச்சையாக இருந்து, தொட்டவுடன் சுருண்டு கீழே விழும் புழுவுக்குச் சதைக்கால்கள் எட்டு ஜோடி. அது அந்துப்பூச்சியின் புழுவே அல்ல. வளர்த்தால் ஆரஞ்சு நிற உடலும் புகை நிற இறக்கையும் கொண்ட ரம்ப ஈ வரும்.

காலே இல்லாமல், அசுவினிக் கூட்டத்தின் நடுவே ஒரு பக்கம் கூராக நெளிந்துகொண்டிருந்தால் அது அசுவினியைத் தின்னும் ஈயின் புழு, தோட்டக்காரனின் நண்பன். அதே அசுவினிக் கூட்டத்தில் முதலைக்குட்டி போன்ற உருவில், ஆறு கால்களால் விரைந்தோடுவது பொறிவண்டின் புழு, அதுவும் நண்பனே. ஆனால் கத்தரி இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும், மஞ்சள் நிற முள் புழு இருக்கிறதே, அதுவும் பொறிவண்டுச் சாதிதான்; இது பகை. குடும்பத்தில் ஒருவன் காவற்காரன், ஒருவன் திருடன். ஐயமிருந்தால் இலையோடு பாட்டிலில் போட்டு, அசுவினியைத் தின்கிறதா, இலையைத் தின்கிறதா என்று ஒரு நாள் பார்த்தால் போதும்.

பிடிக்கும் முறை

ஒரே ஒரு புழுவைப் பிடித்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஐந்தாறு புழுக்களாவது வேண்டும். சில நோயால் சாகும். சிலவற்றில் ஒட்டுண்ணி இருக்கும். மேலும் சில இனங்களில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு தோற்றம் கொண்டவை. சிறிதும் பெரிதுமாகக் கலந்து எடுத்தால் தோலுரிக்கும் மாற்றங்களையும் பார்க்கலாம்.

புழுவை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது. அது இலையை இறுகப் பற்றியிருக்கும். இழுத்தால் கால் பிய்ந்து, ஓரிரு நாளில் செத்துவிடும். இலையோடு அல்லது சிறு கிளையோடு கிள்ளிக்கொண்டு வருவதே உத்தமம். உடலில் மயிர் உள்ள எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடலாகாது. முருங்கைக் கம்பளிப் புழுவின் மயிர் பட்டால் உடலெல்லாம் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். தென்னை, ஆமணக்கு, மாதுளை ஆகியவற்றில் நத்தை போல ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிற முள் புழு இன்னும் மோசம். பட்ட இடம் நெருப்புச் சுட்டது போல் எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை வைத்து எடுத்து முட்களை நீக்கிய பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பகலில் புழு அகப்படவில்லை என்றால் செடியின் அடியைப் பார்க்க வேண்டும். கத்தரி, எள், அவரை, நந்தியாவட்டைச் செடிகளின் கீழே மிளகளவு தடித்த எச்சம் கிடந்தால், நேர் மேலே வாலில் கொம்புடைய பெரிய புழு இருக்கிறது என்று அறியலாம். விரலளவு பருத்து, மூன்று நான்கு அங்குல நீளம் இருந்தாலும், பச்சை நிறத்தோடு பச்சையாகக் கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். வால் கொம்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது கொட்டாது. வெட்டுப்புழு வகைகள் பகலில் மண்ணில் பதுங்கி இரவில் ஏறும். டார்ச் விளக்கோடு இரவு எட்டு மணிக்கு மேல் போனால் கையோடு பிடிக்கலாம்.

பாட்டிலும் இரையும்

வாயகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலோ, ஊறுகாய் ஜாடியோ போதும். மூடி போடாமல், பழைய வேட்டித் துணியையோ கொசுவலைத் துணியையோ வாயில் கட்டி ரப்பர் வளையம் போட வேண்டும். மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. உள்ளே வியர்த்து, எச்சத்தில் பூசணம் பிடித்துப் புழு அழுகிவிடும். பாட்டிலை வெயில் படாத திண்ணையில் வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் எறும்பு ஏறாது. இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் ஒரே இரவில் எல்லாப் புழுக்களையும் எறும்புக்குப் பலி கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

எந்தச் செடியில் பிடித்தோமோ அந்தச் செடியின் இலையையே கொடுக்க வேண்டும். வேறு பச்சிலையைப் போட்டால் பல புழுக்கள் பட்டினி கிடந்து செத்துப்போகுமே தவிர, வாய் வைக்காது. (வெட்டுப்புழு போன்ற பலபட்டறைகள் ஆமணக்கு இலை கிடைத்தால் விருந்தாகத் தின்னும், ஒரு புழு கண்டதையெல்லாம் தின்கிறது என்பதே அதன் இனத்துக்கு ஓர் அடையாளம்.) மருந்தடித்த செடியின் இலை வேண்டாம். இலையில் பனியோ தண்ணீரோ இருந்தால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். தினம் ஒரு முறை பழைய இலையையும் எச்சத்தையும் அகற்றிப் புதிய இலை வைக்க வேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். பெரியவர்களைவிட ஒழுங்காகவே செய்வார்கள்.

காய்ப்புழுவையும் மக்காச்சோளப் படைப்புழுவையும் ஒரு பாட்டிலுக்கு ஒன்றாகத்தான் வளர்க்க முடியும். இரண்டு போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். இரை போதாததால் அல்ல. ஒன்றையொன்று தின்பது அவற்றின் சுபாவம்.

பாட்டிலின் அடியில் சலித்த மண்ணும் மணலும் கலந்து, லேசாக ஈரமாக்கி, மூன்று அங்குல உயரத்துக்குப் போட்டு வைக்க வேண்டும். கொம்புப் புழுவுக்கு இது போதாது. அதற்கு மண் தொட்டிதான் சரி, அரை அடி மண் வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் புழுவானால் மண்ணைவிட, சாய்த்து வைத்த ஒரு குச்சி அவசியம்.

பட்டினி கிடந்தால் பதற வேண்டாம்

புதிதாக வளர்ப்பவர்கள் மூன்று கட்டங்களில் புழு செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முதலாவது, தோலுரிக்கும் வேளை. ஒரு நாள் முழுவதும் இரை எடுக்காமல், அசையாமல், நிறம் மங்கிக் கிடக்கும். அப்போது தொட்டால்தான் கெடுதி. பெரும்பாலான புழுக்கள் நான்கைந்து முறை இப்படித் தோலுரிக்கும்.

இரண்டாவது, கூட்டுப்புழுவாகும் முன். நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு திடீரென இரையை விட்டுவிட்டு, பாட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடும், தண்ணீராகக் கழியும், உடல் சுருங்கும். இது நோய் அல்ல, இடம் தேடுகிறது. மண்ணுக்குள் போனபின் தோண்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே மண்ணால் ஓர் அறை கட்டியிருக்கும். அதை உடைத்தால் பூச்சி ஊனமாகும். கருவேப்பிலைப் புழு மண்ணுக்குள் போகாமல், குச்சியில் இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். எருக்கில் வரும் வரிப்புழுவின் கூடு தலைகீழாகத் தொங்கும். கம்பளிப் புழுக்களில் சில தம் மயிரையே உதிர்த்து நூலோடு பின்னிக் கூடு கட்டும்.

மூன்றாவது, கூட்டுப்புழுக் காலம். வெட்டுப்புழு மண்ணில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருக்கும். கருவேப்பிலை வண்ணத்துப்பூச்சிக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. காய்ப்புழுவுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். மார்கழிக் குளிரில் எல்லாமே தாமதப்படும். மண் காய்ந்துவிடாமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை சில சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், சேறாக்கிவிடக் கூடாது. பூச்சி பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ வெளிவரும். வந்தவுடன் இறக்கை நனைந்த துணி போல் சுருங்கியிருக்கும். பற்றி ஏறித் தொங்குவதற்கு குச்சியோ சுரசுரப்பான அட்டையோ இல்லாவிட்டால் அது விரியாமலே காய்ந்து, இனம் காண முடியாத முடப்பூச்சியாகிவிடும். வெளிவந்த இடத்தில் சிவந்த நீர் சிந்தியிருந்தால் அது இரத்தமல்ல. உடலில் தங்கிய கழிவு.

வந்தது யார்?

பாட்டிலில் கருப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளிகளும், பின்னிறக்கையில் ஒரு செம்புள்ளியும் கொண்ட வண்ணத்துப்பூச்சி இருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. பின்னிறக்கையில் வாலும், நடுவே வெள்ளைப் புள்ளி வரிசையும் இருந்தால் அதன் உறவினம். இரண்டும் கருவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் பொது. இந்த இரண்டாவது இனத்தில் சில பெண்கள் ஆணைப் போலவே இருக்க, வேறு சில பெண்கள், பறவைகள் தின்னாத வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து வேஷம் போட்டதுபோல் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். ஒரே செடிப் புழுவில் இரண்டு உருவம் வந்தால் குழம்ப வேண்டாம். வளர்ந்த கருவேப்பிலை மரத்திலும் எலுமிச்சை மரத்திலும் இவற்றால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் நாற்றங்காலிலும், நட்ட முதல் வருடக் கன்றிலும் நான்கு புழு சேர்ந்தால் செடியை மொட்டையாக்கிவிடும். அங்கேயும் கையால் பொறுக்குவதே மருந்து.

பழுப்பு இறக்கையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, பின்னிறக்கை வெளுத்திருந்தால் அது வெட்டுப்புழுவின் தாய். முன்பு நூல்களில் புரோடீனியா என்றிருந்ததே, இன்று ஸ்போடோப்டிராவாகப் பெயர் மாறி நிற்கும் அதே பூச்சி. இதன் முட்டை, குவியலாகப் பழுப்பு மயிர் போர்த்தி இலையில் இருக்கும். குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாகச் சுரண்டும். அந்த இலையைக் கிள்ளி எடுத்து மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் நூற்றுக்கணக்கான புழு ஒரே வீச்சில் தீர்ந்தது. மங்கிய மஞ்சள் பழுப்பில், முன்னிறக்கையில் அவரை விதை வடிவக் கரும்புள்ளியோடு வந்தால் காய்ப்புழு; இது முட்டையை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடுவதால் கிள்ளி எடுக்கும் தந்திரம் செல்லாது. பொறியும், வரப்போரம் துலுக்கச் செவ்வந்தியும் உதவும்.

வெள்ளை இறக்கையைச் சுற்றிக் கரும்பட்டையும், வால் நுனியில் மயிர்க் குஞ்சமும் இருந்தால் பாகல், புடல் இலைப்புழு. கரும்பழுப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும் சிறு பூச்சியானால் கீரைப் புழு. வெள்ளை முன்னிறக்கையின் நடுவே பச்சைப் பட்டை இருந்தால் வெண்டைக் காய்ப்புழு. மண்தொட்டியிலிருந்து மஞ்சள் பின்னிறக்கையும், முதுகில் மண்டையோட்டுக் குறியுமாகப் பெரிய பூச்சி வந்து, கையில் எடுத்ததும் கீச்சென்று சத்தமிட்டால் பேய் என்று ஓட வேண்டாம். கொம்புப் புழுவின் தாய் அது. தேன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதன் மேல் கோபம் உண்டு. கூட்டில் புகுந்து தேனைத் திருடும்.

பூச்சியே வராமல் வேறொன்று வருவதும் உண்டு. பலருக்கு ஏமாற்றமாக இருந்தாலும், விவசாயிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. புழுவின் உடலைத் துளைத்துக்கொண்டு சிறு புழுக்கள் வெளிவந்து, அரிசி போன்ற வெண்ணிறக் கூடுகளை அதன் மேலேயே கட்டும். இவற்றைப் புழுவின் முட்டை என்று எண்ணி நசுக்குபவர்கள் அநேகர். புழு முட்டையிடாது. அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். சில நாளில் எறும்பளவு குளவிகள் பறக்கும். சில சமயம் மண்ணில் பழுப்பு விதை போன்ற கூடு கிடந்து, வீட்டு ஈயைப் போல முள் மயிர் கொண்ட ஈ வரும். அதுவும் ஒட்டுண்ணியே. பத்துப் புழுவில் நான்கைந்தில் இப்படி வந்தால், தோட்டத்தில் கூலியில்லாத ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். அப்போது மருந்தடித்தால் முதலில் சாவது அவர்கள்தான். புழு பின்னங்காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீராக வழிந்தால் வைரஸ் நோய். விறைத்து வெண்மையாகிப் பின் பச்சைப் பொடி பூத்தால் பூசண நோய். மழைக்காலத்தில் இவை தாமாகவே பரவிப் புழுவைக் கட்டுப்படுத்தும்.

அதற்குள் பயிர் போய்விடாதா?

நியாயமான கேள்வி. புழு பூச்சியாக மூன்று நான்கு வாரமாகும். அதுவரை செடி காத்திராது. எனவே பாட்டிலில் ஐந்தாறு புழுவை வைத்துக்கொண்டு, செடியில் உள்ளதை அன்றே கையால் பொறுக்கிவிட வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வளர்ப்பதன் பலன் அடுத்த தலைமுறைப் புழுவுக்கும் அடுத்த போகத்துக்கும்தான். அதனால்தான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது அவசியம்: எந்தச் செடி, இலையா பூவா காயா, பகலில் தின்றதா இரவிலா, தோலுரித்த நாள், மண்ணுக்குள் போன நாள், பூச்சி வந்த நாள். பூச்சி வந்த நாளிலிருந்து ஒரு வாரத்தில் தோட்டத்திலும் புதிய முட்டைகளையும் குஞ்சுப் புழுக்களையும் எதிர்பார்க்கலாம். எந்த மருந்தும் குஞ்சுப் புழுவைக் கொல்வது எளிது. விரலளவு வளர்ந்தபின் அடிப்பது பணத்தை மண்ணில் கொட்டுவது.

இனம் காண்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மக்காச்சோளப் படைப்புழுவே சாட்சி. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இப்பூச்சி 2016-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கத்து மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டது. சிறு பருவத்தில் பழைய வெட்டுப்புழுக்களோடு எளிதில் மயங்கக்கூடிய புழு இது. வளர்ந்தபின் தலையில் தலைகீழ் 'ஒய்' குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெரியும். விஞ்ஞானிகள் புழுவின் குறிகளோடு நிற்கவில்லை. வளர்த்தெடுத்த அந்துப்பூச்சியையும் மரபுக்கூறுகளையும் பார்த்த பிறகே பெயரை உறுதி செய்தனர். அதே ஆண்டிலேயே அது தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்துவிட்டது. புதிய பூச்சி ஒன்று நுழையும்போது முதலில் பார்ப்பது விஞ்ஞானி அல்ல, வயல்காரர்.

ஆகவே பூச்சி வந்தும் இனம் புரியவில்லை என்றால் அதை வீணாக்கக் கூடாது. குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் ஓர் இரவு வைத்தால் இறக்கை சிதையாமல் இறந்துவிடும். முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைத்து, பயிர், ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ காட்டலாம். புழுவையும் சேர்த்துக் கொடுக்க விரும்பினால், உயிரோடு ஸ்பிரிட்டில் போடக் கூடாது, கறுத்துவிடும். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பின் ஸ்பிரிட்டில் இட்டால் உருவம் கெடாது. பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வந்தால், தம் பாட்டிலில் வந்த பூச்சியைத் தாமே அடையாளம் காணவும் வாய்ப்புண்டு. பயிருக்குப் பகை என்று தெரிந்த பூச்சியைப் பாவம் பார்த்துப் பறக்கவிட வேண்டாம். வண்ணத்துப்பூச்சியை விட்டுவிடலாம்.

நிலக்கடலைச் சிவப்புக் கம்பளிப் புழுவை வளர்ப்பவர்களுக்கு மட்டும் பொறுமை கூடுதலாக வேண்டும். அது மண்ணுக்குள் போனால் அடுத்த பருவத்துக் கனமழை வரை வெளிவராது. மாதக் கணக்காகியும் ஒன்றும் வரவில்லையே என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாமல், துணி கட்டித் தாழ்வாரத்தின் ஓரம் நிழலில் வைத்துவிட வேண்டும். கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்யும் நாளில் தொட்டியையும் நன்றாக நனைத்து வைத்தால், அடுத்த சில இரவுகளில் பூச்சி வெளிவரும். அன்றே வயலிலும் தாய்ப்பூச்சிகள் கிளம்பிவிட்டன என்று அறிந்து, இரவில் விளக்குப் பொறியோ சொக்கப்பனையோ ஏற்றத் தொடங்கலாம்.